என் தாளில் எழுதாத சுரங்கள்

இத்தாலிய ஓபராவில் டூபா வாசிப்பவருக்கு வாசிப்பதைவிடக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. முதல் அங்கத்தில் ஐந்தாறு நிமிடம் ஊதியிருப்பேன். அதன் பிறகு ஒரு காதல் பாட்டு, ஒரு சண்டை, ஒரு கடிதம் வந்து சேரும் காட்சி எல்லாம் முடியும்வரை அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இசைக்குழுவின் இடம் மேடைக்கு முன்னால் இறக்கிய பள்ளம். அதிலும் எங்கள் கதிரைகள் மேடைப் பலகைக்கு அடியில் ஒதுங்கிய மூலையில் இருந்தன. பாடகர்களின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. தலைக்கு மேலே அவர்கள் நடப்பது கேட்கும். யாராவது விழுந்து இறக்கும் காட்சியில் தூசி கொட்டும்.

நான் தமிழில்தான் எண்ணுவேன். ஜேர்மன் மொழியில் எண்பத்தேழு என்று சொல்ல, ஏழை முதலில் சொல்லிப் பிறகு எண்பதுக்குப் போக வேண்டும். அவசரத்தில் அது எனக்குத் தடுமாறும். ஏழு வயதில் அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பள்ளிக்கூடம் முழுவதையும் ஜேர்மனில் படித்தவள் நான். கனவுகூட அந்த மொழியில்தான் வரும். எண்கள் மட்டும் ஏனோ மாறவில்லை.

என் பக்கத்துக் கதிரையில் பாஸ் டிராம்போன் வாசிப்பவர் இருந்தார். நீட்டி இழுத்து வாசிக்கும் அந்தக் குழல்களில் ஆகக் கீழ்ச் சுரம் அவருடையது. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். டிரெஸ்டன் பக்கத்து ஆள். மெலிந்தவர், பேச்சும் குறைவு. நான் சேர்ந்த முதல் கிழமை, என் உதடு அசைவதைப் பார்த்து என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று இடைவேளையில் கேட்டார். சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். என் உதட்டைப் பார்த்தே தன் குழலை எடுப்பார். இரண்டு மாதத்தில் "தொண்ணூறு" என்ற சொல் அவருக்குக் காதால் பழகிவிட்டது. அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்.

இது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் அரங்கு மேற்கு ஜேர்மனியில் ஒரு நடுத்தர நகரத்தில் இருந்தது. தேர்வில் வென்று அங்கே நுழைந்திருந்தேன். ஆனால் வென்றதும் வேலை உறுதியாகிவிடாது. ஒரு வருடம் சேர்ந்து வாசிக்க வேண்டும். அந்த வருடத்தின் கடைசியில் இசைக்குழுவில் இருக்கும் எல்லாரும் கூடி, இவளை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று வாக்குப் போடுவார்கள். அதிலும் நம்மோடு சேர்ந்து ஊதுகிறவர்களின் கருத்துக்குத்தான் எடை அதிகம். எனக்கு அந்த ஆட்கள் மூன்று டிராம்போன்காரர்.

அம்மா அப்போது ருர் பகுதியில், நான் வளர்ந்த அதே தொடர்மாடியில் தனியே இருந்தார். வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. நான் டூபாவை எடுத்தபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் வேறு எல்லாவற்றையும் மற்றப் பிள்ளைகள் எடுத்துவிட, அலுமாரிக்குப் பின்னால் கிடந்த அது எனக்கு வந்தது. பொம்பிளைப் பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவதா என்று ஒரு வருடம் முணுமுணுத்தார். பிறகு பழகிவிட்டார். எனக்குத் தேர்வில் இடம் கிடைத்த அன்று தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உன்பெஃப்றிஸ்டட்டோ பிள்ளை?"

காலவரையற்றது என்று அதற்குப் பொருள். வேலை ஒப்பந்தத்திலும் அந்தச் சொல்தான், வதிவிட அனுமதியிலும் அந்தச் சொல்தான். பதினொரு வருடமாக மூன்று மாதத்துக்கு, ஆறு மாதத்துக்கு என்று அனுமதியில் முத்திரை குத்தி வாங்கிய அம்மாவுக்கு அந்தச் சொல் ஒன்றே போதும். இன்னும் இல்லை, ஒரு வருடம் பார்ப்பார்கள் என்றேன்.  "ஓம், எல்லா இடமும் அப்பிடித்தான்" என்றார் அம்மா.

அந்தப் பருவத்தில் எங்கள் அரங்கில் மூன்று இத்தாலிய ஓபராக்கள். அவற்றை எழுதியவர்கள் மூன்று டிராம்போனுக்குக் கீழே நான்காவதாக ஒரு குரலை வைத்திருந்தார்கள். அது டூபாவுக்காக எழுதப்பட்டதல்ல. குறுகலான, காரமான ஓசையுள்ள வேறொரு குழலுக்கு எழுதியது. எங்கள் அரங்கில் அது இல்லாததால் டூபாவில் வாசித்தோம். டூபாவின் ஓசை உருண்டு பரந்தது. இசை நடத்துநருக்கு அது பிடிக்காது. ஒத்திகையை நிறுத்தி, டூபா சோபா மாதிரிக் கேட்கக் கூடாது, நான்காவது டிராம்போன் மாதிரிக் கேட்க வேண்டும் என்பார். நான் சிறிய டூபாவை எடுத்துக்கொண்டேன். நாக்கைக் கூர்மையாக்கினேன், மூச்சை ஒடுக்கினேன். அதெல்லாம் பாதிதான் உதவியது. பக்கத்தில் இருந்தவர் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார், சனத்துக்கு ஊதாதீர்கள், என் காதுக்குள் ஊதுங்கள் என்று. அப்படிச் செய்தபோது எங்கள் இரண்டு சுரமும் ஒட்டிக்கொண்டன. அன்று நடத்துநர் எங்கள் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த கோப்பி இடைவேளையில் பாஸ் டிராம்போன்காரர் தன்னை "நீ" என்று கூப்பிடச் சொன்னார். ஜேர்மனியில் அது சின்ன விசயமில்லை. வயதில் மூத்தவர்தான் அதற்கு முதலில் வாய் திறக்க வேண்டும். சில இடங்களில் இருபது வருடம் பக்கத்தில் இருந்தவர்கள்கூட "நீங்கள்" என்றே கதைப்பார்கள்.

தை மாதத்தில் ஒரு நாள் அவருடைய சுரம் வரவில்லை.

இத்தாலிய ஓபராக்களில் ஓர் இடம் வரும். பாட்டு நின்று, யாரோ சாகப்போவது எல்லாருக்கும் தெரிந்துவிட்ட நேரத்தில், நாங்கள் நான்கு பேர் மட்டும் ஆளுக்கொரு சுரமாக மிகமிக மெதுவாக ஒரு சுரக்கூட்டை வைப்போம். உரக்க ஊதுவது யாருக்கும் ஏலும். ஒன்றுமில்லாத அமைதியிலிருந்து மெல்லத் தொடங்குவதுதான் கடினம். அன்று அவர் மூச்செடுத்தது கேட்டது. குழலிலிருந்து காற்று மட்டும் வந்தது. சுரக்கூட்டின் நடுவில் ஓட்டை விழுந்தது. பக்கவாட்டில் பார்த்தேன். அவருடைய கீழுதட்டின் ஒரு மூலை துடித்துக்கொண்டிருந்தது.

அது திரும்பவும் நடந்தது. ஒரு ஞாயிறு பிற்பகல் காட்சிக்கு முன், வாத்தியப் பெட்டிகள் வைக்கும் அறையில் என்னிடம் உண்மையைச் சொன்னார். ஒரு வருடமாகவே இருக்கிறதாம். உரத்த இடங்களில் ஒன்றுமில்லை. மெதுவான தொடக்கங்களில் மட்டும் உதடு சொல் கேட்பதில்லை. இசைக்காரர்களைப் பார்க்கும் ஒரு வைத்தியரிடம் ரகசியமாகப் போய் வருகிறார். மூளைக்கும் உதட்டுக்கும் இடையில் செய்தி குழம்புகிறது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கோடை விடுமுறையில் சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது.

"மூண்டு இடம்தான்," என்றார். "அந்த மூண்டிலையும் என்ரை சுரத்தை நீ எடுப்பியோ? கோடை வரைக்கும்."

அவர் ஜேர்மனில்தான் கேட்டார். ஆனால் என் ஞாபகத்தில் அது எங்கள் வீட்டுத் தமிழில்தான் இருக்கிறது. நான் ஓம் என்றேன். யாருக்கும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். அந்த வாக்கை அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

செய்வது கடினமாக இருக்கவில்லை. அவருடைய சுரம் என்னுடையதற்கு மேலே இருந்தது. நான் என் கீழ்ச் சுரத்தை விட்டுவிட்டு மேலே ஏறி அவருடையதை வாசிப்பேன். கூட்டில் ஓட்டை விழாது. ஆனால் கூட்டின் அடி போய்விடும். சனத்துக்கு அது தெரியாது. நடத்துநருக்குத் தெரிந்தது. டூபா, உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒத்திகையில் கேட்டார். வாசித்துக் காட்டினேன், எழுதியிருந்தபடியே. பிறகு காட்சியில் ஏன் வேறு கேட்கிறது என்றார். மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் அவர் தன் குழலின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று இடம் ஐந்தாகி, பிறகு எட்டாகியது. அவர் மூச்செடுக்கும் விதத்திலிருந்தே வருமா வராதா என்று எனக்குத் தெரிந்துவிடும். வரும் என்று நினைத்து நான் கீழே இருந்து, அது வராமல் போன நாட்களும் இருந்தன. வராது என்று நினைத்து மேலே ஏற, அவருக்கும் வந்து, இரண்டு பேரும் ஒரே சுரத்தில் இடித்துக்கொண்ட நாட்களும் இருந்தன. அப்போதெல்லாம் குற்றம் டூபாவுடையது. புதியவள் நான்தானே. காட்சி முடிந்தால் அவர் என் டூபாப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துப் படியில் ஏற்றிவிடுவார். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

சித்திரை மாதம் இசைக்குழுச் சபையின் தலைவர் என்னைக் கூப்பிட்டார். வியோலா வாசிக்கும் மனிதர், நிதானமானவர். வாக்கெடுப்புக்கு இரண்டு கிழமை இருந்தது. மற்ற இரண்டு டிராம்போன்காரரும் எழுதிக் கொடுத்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். மெதுவான இடங்களில் டூபா நம்பத்தகுந்ததாக இல்லை, தாளில் உள்ளதை வாசிப்பதில்லை. மூன்றாமவர் என்ன எழுதினார் என்று கேட்டேன். அவர் ஒன்றும் எழுதவில்லை என்றார். நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை, வெற்றுத் தாள். நான் ஏதாவது சொல்ல விரும்பினால் அடுத்த செவ்வாய்க்கிழமை வரலாம் என்றார்.

அந்த வெற்றுத் தாள் என்னை வருத்தியது. அவர் எனக்காக ஒரு வரி எழுதியிருந்தால் தன்னைக் காட்டிக்கொடுப்பதாக முடிந்திருக்கும் என்பது தெரியும். தெரிந்தும் வருத்தியது.

சனிக்கிழமை ரயில் ஏறி அம்மாவிடம் போனேன். சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.  அம்மா கோப்பைகளைக் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் இருந்தார்.

"நீ குடுத்த வாக்கு வாக்குத்தான். அதை நான் பிழை எண்டு சொல்ல ஏலாது," என்றார். "ஆனா அவருக்கு இது அவரின்ரை நாடு. விழுந்தா ஆரும் தூக்குவினம். எங்களை ஆர் தூக்குவினம்? சொல்லிப்போடு."

"முதல் அவருக்குச் சொல்லவேணும் அம்மா."

"ஓம், அவருக்குச் சொல்லிப்போட்டுப் போ."

அம்மா அதையும் சொன்னார். அதனால் இதை அவர் தலையில் நான் போட முடியாது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சந்திப்பு. ஒன்பதரைக்கு அரங்கின் சிற்றுண்டிச்சாலைக்குப் போனேன். பாஸ் டிராம்போன்காரர் வழமையான மேசையில் இருந்தார். எனக்கும் ஒரு கோப்பி வாங்கி, ஆறாமல் இருக்க மேலே தட்டால் மூடி வைத்திருந்தார். நான் அவருக்கு முன்னால் இருந்தேன். சொல்லத்தான் போனேன். அவர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். புதிய பயிற்சி ஒன்று உதவுகிறது, காலையில் வீட்டில் ஆறு தடவை மெதுவாகத் தொடங்கி ஆறும் வந்தது என்றார். ஆறு என்பதைத் தமிழில் சொன்னார். நான் சிரித்தேன். கோப்பியைக் குடித்தேன். காலநிலையைப் பற்றி ஏதோ கதைத்தேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓர் அலுவல் இருக்கிறது என்று எழுந்து, படியேறி இரண்டாம் மாடிக்குப் போய், சபைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

 நீங்கள் இங்கே வந்திருப்பது அவருக்குத் தெரியுமா என்று தலைவர் கேட்டார். இல்லை என்றேன். அவர் அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பாஸ் டிராம்போன்காரரை நிர்வாகம் கூப்பிட்டது. அரங்கு சொன்ன வைத்தியரிடம் அனுப்பினார்கள். அன்றைய காட்சிக்கு வேறு நகரத்திலிருந்து பதிலாள் வந்தார். மூன்றாம் நாள் காலை, நான் பள்ளத்தில் தனியே இருந்து பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அவர் தன் கதிரைக்குக் கீழே இருந்த, ஓசையை அடக்கக் குழலின் வாயில் செருகும் ஒலிமூடிகளை எடுக்க வந்தார். எடுத்துப் பையில் வைத்தார். என்னைப் பார்த்து, "வணக்கம்" என்றார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"இனி நீங்கள் உங்கடை தாளிலை இருக்கிறதை நிம்மதியா வாசிக்கலாம்."

நீங்கள் என்றார். கோபத்தில் கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.  அவர் போன பிறகு பள்ளத்தில் விளக்கை அணைக்கவும் மறந்து அப்படியே இருந்தேன்.

வாக்கெடுப்பில் பெரும்பாலானோர் எனக்குச் சார்பாகப் போட்டார்கள். மற்ற இரண்டு டிராம்போன்காரரும் வந்து கைகொடுத்தார்கள், தங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார்கள். அம்மாவுக்குத் தொலைபேசியில் அந்த ஜேர்மன் சொல்லைச் சொன்னேன். அவர் அழுதார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அருச்சனை செய்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். எனக்கும் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினார். இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்துவிட்டு எறிந்தேன். அதை நான் அம்மாவுக்குச் சொன்னதில்லை.

பதிலாக வந்தவர் திறமையானவர். மெதுவான இடங்களில் அவருடைய சுரம் ஒவ்வொரு தடவையும் வந்தது. அதற்குக் கீழே என்னுடையதை வைத்தேன். முதல் காட்சி முடிந்ததும் நடத்துநர் எங்கள் மூலைக்கு வந்து, இதைத்தான் இவ்வளவு நாளும் கேட்டேன் என்றார். பக்கத்தில் புதியவர் தானே எண்ணினார், ஜேர்மனில், விரல் மடக்கி. நான் என் பாட்டுக்கு உள்ளே எண்ணினேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வாத்தியத்தைத் தூக்கினோம்.

முன்பு என் பக்கத்தில் இருந்தவருடைய உதடு சரிவரவில்லை. வருட முடிவில் அவர் வேலையை விட்டு டிரெஸ்டனுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்று அறிந்தேன். நான் சொல்லியிராவிட்டாலும் கோடைக்குப் பிறகு அதுதான் நடந்திருக்கும் என்று பலர் எனக்குச் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். அவருக்குப் பல தடவை கடிதம் எழுதினேன். ஒன்றையும் அனுப்பவில்லை. ஜேர்மனில் எழுதும்போது முதல் வரியிலேயே நீ என்றா நீங்கள் என்றா எழுதுவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மூன்று வருடம் கழித்து, டிரெஸ்டனில் ஒரு தேவாலய இசைநிகழ்ச்சிக்கு டூபா தேவைப்பட்டு நான் போனேன். அவருடைய தொலைபேசி இலக்கத்தை இரண்டாம் டிராம்போன்காரரிடம் வாங்கி வைத்திருந்தேன். எடுத்தேன். என் குரலைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. பிற்பகலில் எனக்கு அரை மணி நேர ஓய்வு இருக்கிறது, கடைசித் தரிப்பிடத்துக்கு வாருங்கள் என்று ஒரு டிராம் வண்டியின் இலக்கத்தைச் சொன்னார். அவர் டிராம் ஓட்டுநராகியிருந்தார்.

கடைசித் தரிப்பிடம் நகரத்தின் ஓரத்தில், பழமரத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. நீலச் சீருடையில் அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார். தன் தாயாரைப் பற்றிச் சொன்னார். அவருடன்தான் இருக்கிறாராம். என் அம்மா சுகமா என்று கேட்டார். அம்மாவை அவர் பார்த்ததேயில்லை, நான் சொல்லிக் கேட்டதுதான். எங்கள் அரங்கில் இந்த வருடம் என்ன வாசிக்கிறீர்கள் என்றார். சொன்னேன். அதில் அந்த மெதுவான இடம் வரும். 

நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். சபைக்குச் சொன்னதற்காக என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சொன்னது பிழையில்லை. நான் என்ரை பொய்யை உங்களைச் சுமக்க வைச்சன், அது என்ரை பிழை. உங்களைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதேல்லை, அதுவும் என்ரை பிழைதான்," என்றார்.  "ஆனா அண்டைக்குக் காலமை நீங்கள் எனக்கு முன்னாலை இருந்து கோப்பி குடிச்சனீங்கள். அப்ப சொல்லியிருக்கலாம். நானே உங்களோடை மேலை வந்திருப்பன்."

இப்படி ஒன்று நடந்திருக்கலாம் என்று இந்த மூன்று வருடத்தில் ஒரு நாளாவது எனக்குத் தோன்றவில்லை. அவர் கெஞ்சுவார், கோபப்படுவார், என் வாயை அடைப்பார் என்றுதான் அன்று காலை பயந்தேன். பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு மூச்சையும் கேட்டவள் நான். அந்த மனிதரை அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. அழுகை வந்தது. அவர் தேற்றவில்லை. பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் வாங்கில் வைத்தார்.

ஓய்வு நேரம் முடிந்தது. அவருடைய வண்டியில்தான் திரும்பினேன். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் முதல் இருக்கையில் இருந்தேன். வண்டி ஓடும்போது ஓட்டுநரோடு கதைக்கக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. பிள்ளை வண்டியோடு ஒரு தாய் ஏறினார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஏறினார்கள். அவர் மெதுவாக, யாரும் தடுமாறாமல் நிறுத்தி எடுத்தார். ரயில் நிலையத்தில் இறங்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து இரண்டு விரலை உயர்த்தினார். பின்னால் வேறு வண்டி வந்து நின்றதால் உடனே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைய இசைநிகழ்ச்சியில் எனக்கு வாசிக்க அதிகம் இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அவருக்கு ஓர் அட்டை அனுப்பினேன், இந்தத் தடவை உண்மையாகவே தபாலில் போட்டேன். பதில் வரவில்லை. அடுத்த மாரியில், அவர் தன் டிராம்போனை ஆஹென் நகரத்தில் படிக்கும் ஒரு மாணவிக்குக் கொடுத்துவிட்டார் என்று இரண்டாம் டிராம்போன்காரர் ஒத்திகை இடைவேளையில் சொன்னார். நல்ல வாத்தியம், கை மாறியது நல்லதுதான் என்றார். ஓம், நல்லதுதான் என்றேன். மணி அடித்தது. எல்லாரும் பள்ளத்துக்கு இறங்கினோம்.